வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்

திருவெறும்பூரைத் தாண்டித் தஞ்சாவூர் போகும் சாலையில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் மிட்டாய் ஃபாக்டரி இருக்கிறது. எங்கள் என்று சொல்வது பதினோரு வருடப் பழக்கம். நான் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கான காகிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருகிறேன். பாகு காய்ச்சும் இடத்துக்குள் நான் அதிகம் போவதில்லை. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் தலைமுடியில் ஆரஞ்சு எசன்ஸ் வாசனை அடிக்கும்.

முதலாளி ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். “அங்க பாய்லர் பண்ணினேன், இங்க பாகு காய்ச்சறேன், ரெண்டுலயும் சூடு தாம்மா முக்கியம்” என்பார். அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வராது, எழுதுபவளை முழுதாக நம்புவார். இந்தச் சம்பவத்தில் எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்த நம்பிக்கைதான்.

எங்களிடம் அதிகம் போகும் சரக்கு ஒரு உருண்டை மிட்டாய். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். எல்லாவற்றிலும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. அங்கே நோன்பு மாதத்தின் நடுவில் ஒரு நாள் குழந்தைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு, கழுத்தில் துணிப்பை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் பாட்டுப் பாடி இனிப்பு வாங்கிப்போவார்களாம். அந்த ஒரு நாளுக்காக வருடத்துக்கு ஒரு கன்டெய்னர் எங்களிடமிருந்து போகும்.

அந்த வியாபாரத்தை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் திருச்சிக்காரர்தான். பாலக்கரையில் வீடு. அந்த நாட்டில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் இருபது வருடமாகப் பொறுப்பாளராக இருந்தார். ஒரு விடுமுறையில் வந்தபோது எங்கள் மிட்டாயைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தார். போனை எடுத்தது நான். அன்றிலிருந்து அவரை நான் பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு இரண்டு பெண்கள் என்பதும், மூத்தவள் பி.காம். முடித்துவிட்டாள் என்பதும், அவருக்கு முட்டி வலி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் மழையா என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கு விஷயம் பேசுவார்.

அந்த வருடம் அவர்தான் முதலில் சொன்னார்.

“மேடம், இங்க புதுச் சட்டம் ஒண்ணு வருது. திங்கற சாமான்ல அந்த வெள்ளைக் கலர் பவுடர் இருக்கக் கூடாதுங்கறாங்க. உங்க மிட்டாய்ல கோடு இருக்கே, அதுல அந்தப் பவுடர்தானே?”

அதுதான். எங்கள் ஊரில் அதற்குத் தடை எதுவும் இல்லை. உடனே அந்த நாட்டின் அறிவிப்பைத் தேடிப் படித்தேன். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அவர்கள் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குத்தான் தடை. அதற்கு முன் இறங்கிவிட்டால் விற்றுக்கொள்ளலாம். முதலாளியிடம் சொன்னேன். அவர் அன்றே பாகு மாஸ்டரைக் கூப்பிட்டு, பவுடர் இல்லாமல் வெள்ளை வருமா என்று பார்க்கச் சொன்னார். வெறும் பாகை மெஷினில் மாட்டி நிறைய நேரம் இழுத்தால் உள்ளே காற்று ஏறி அதுவே வெளுத்துவிடும். ஆனால் பளிச்சென்று வராது, பழைய வேட்டி மாதிரி ஒரு வெள்ளை. அது சரியாக அமைவதற்கு இரண்டு மாதம் ஆகும் என்றார் மாஸ்டர்.

கையில் பழைய முறையில் செய்த சரக்கு ஒரு கன்டெய்னருக்குத் தயாராக இருந்தது. பண்டிகையும் வந்துகொண்டிருந்தது.

“என்னம்மா, அனுப்பலாமா?” என்று கேட்டார் முதலாளி.

“அனுப்பலாம் சார். கப்பல் பதினாலு நாள்ல போயிடும். அதுக்கப்புறமும் மூணு வாரம் இருக்கு, சட்டம் வர்றதுக்கு.”

“நல்லாப் பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன் சார். ஒண்ணும் ஆகாது.”

ஒண்ணும் ஆகாது என்று நான் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கன்டெய்னர் லாரி வந்தது. பேக்கிங் பெண்கள் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றி ஏற்றினார்கள். அதில் மூத்தவர் சமயபுரம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா. லாரிக் கதவைச் சாத்தி சீல் வைத்ததும், “நல்லபடியாப் போயி சேரு தாயி” என்று கதவைத் தொட்டுக் கும்பிட்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது.

எங்கோ ஒரு கடலில் சண்டை என்று கப்பல்கள் எல்லாம் சுற்றுவழியில் போக ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் சரக்கின் வழியில் அந்தக் கடல் இல்லை. அதனால் நான் கவலைப்படவில்லை. ஆனால் கடலில் ஒரு பக்கம் நெருக்கினால் எல்லாத் துறைமுகமும் திணறும் என்பதை நான் யோசிக்கவில்லை. எங்கள் கன்டெய்னரை ஒரு சின்னக் கப்பல் நடுவழியில் வேறொரு துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து அடுத்த கப்பலில் ஏற வேண்டும். அந்த அடுத்த கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போய்விட்டது. அதற்கடுத்த கப்பலில் இடமில்லை.

கன்டெய்னர் நம்பரைப் போட்டால் அது எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு வலைப்பக்கம் உண்டு. காலையில் ஃபாக்டரிக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்ப்பேன். ‘இறக்கப்பட்டது’ என்று இருக்கும். மத்தியானம் பார்ப்பேன். ‘இறக்கப்பட்டது.’ ஒரு வாரம், இரண்டு வாரம், அந்த ஒரே சொல். தூத்துக்குடியில் எங்கள் சரக்கைக் கப்பலேற்றிவிடும் கிளியரிங் ஏஜென்ட் பொறுமையான மனுஷர். அவரும் ஒருநாள் சலித்துவிட்டார்.

“மேடம், அங்க ஆயிரக்கணக்குல பெட்டி நிக்குது. மருந்து நிக்குது, மெஷின் நிக்குது. உங்க மிட்டாயை மட்டும் முதல்ல எடுங்கன்னு நான் யாருகிட்ட சொல்லுவேன்?”

கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்வோம் என்று ஒரு பதில் உடனே வரும். அது மெஷின் அனுப்பும் பதில். மறுபடி எழுதினால் மறுபடியும் அதே பதில். சட்டத்தின் தேதியைத் தடித்த எழுத்தில் போட்டு எழுதினேன். பண்டிகையைச் சொல்லி எழுதினேன். குழந்தைகள் சாப்பிடும் பொருள் வெயிலில் நிற்கிறது என்று எழுதினேன். என் இங்கிலீஷில் எத்தனை விதமாகக் கெஞ்ச முடியுமோ அத்தனை விதமாகவும் கெஞ்சிவிட்டேன்.

இதற்குள் ஃபாக்டரி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. டீ நேரத்தில் பேக்கிங் பெண்கள் என் மேஜைக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

“அக்கா, நகர்ந்துச்சா?”

“இல்லம்மா.”

“அங்கேயேவா நிக்குது?”

“அங்கேயேதான்.”

ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆளை விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போவார்கள். முதலாளி மட்டும் கேட்கவில்லை. என் மேஜையைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சட்டம் அமலுக்கு வந்த அன்று கன்டெய்னர் கடலில் இருந்தது. ஒன்பது நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

பாய் போன் செய்தார். வழக்கம்போல மழையைப் பற்றிக் கேட்கவில்லை. “மேடம், சாம்பிள் எடுத்துட்டுப் போயிருக்காங்க. பார்ப்போம். அல்லா பெரியவன்” என்றார். எனக்கும் அவருக்கும் சோதனை முடிவு என்னவென்று முன்பே தெரியும். எதைக் கலந்தோம் என்பது பாக்கெட்டின் பின்னாலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் இரண்டு பேரும் முடிவுக்காகக் காத்திருந்தோம். வந்தது. அனுமதி இல்லை.

சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும் என்றார்கள். திருப்பி எடுக்கக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பக்கத்து நாட்டில் அந்தச் சட்டம் இல்லை. அங்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு விண்ணப்பம் போட்டோம். பாய் அதை எடுத்துக்கொண்டு நோன்பு வாயோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். பண்டிகை நாளும் வந்து போனது. அந்தக் குழந்தைகளின் துணிப்பையில் வேறு யாருடைய மிட்டாயோ விழுந்திருக்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம் அந்த விண்ணப்பமும் தள்ளுபடி ஆனது. பெருநாள் விடுமுறை முடிந்ததும் அழிப்பதற்குத் தேதி கொடுப்பார்கள் என்றார்கள்.

பாயின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது எனக்குத் தெரியும். பெருநாள் கழிந்து பத்தாம் நாள், பாலக்கரையிலேயே மண்டபம். டிக்கெட் போட்டுவிட்டார் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அவரிடமிருந்து போன்.

“மேடம், தேதி கொடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு மறுநாள்.”

“அப்போ நீங்க கல்யாணத்துக்கு வந்துட்டு... வேற யாராவது அங்க நிக்க மாட்டாங்களா பாய்?”

“முதல் பேப்பர்லேருந்து எல்லாத்துலயும் கையெழுத்து என்னுது. நாந்தான் முன்னால நிக்கணுமாம். ஆளை மாத்தணும்னா மறுபடி முதல்லேருந்து எழுதணும்ங்கறாங்க. அதுக்குள்ள கொடுத்த கெடு முடிஞ்சிடும். எங்க அரபி முதலாளி நல்ல மனுஷன்தான். அவராலயும் ஒண்ணும் பண்ண முடியலை.”

“தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி நான் எழுதறேன் பாய்.”

“எழுதுங்க மேடம்” என்றார். என் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எழுதினேன். இந்த முறை வியாபாரக் கடிதம் மாதிரி எழுதவில்லை. இவருடைய மகளுக்குக் கல்யாணம், தகப்பன் நிற்க வேண்டிய நாள், தயவுசெய்து நான்கு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று எழுதினேன். முதலாளியும் கையெழுத்துப் போட்டார். கிளியரிங் ஏஜென்டிடம் சொல்லி அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகவும் கேட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள் நிஜமான மனுஷர் ஒருவரிடமிருந்தே பதில் வந்தது. மரியாதையான பதில். மணமகளுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார். தேதியை மாற்ற வழியில்லை என்றும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமயபுரத்து அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“நாமதான் ஏத்தி அனுப்பினோம். அந்த மனுஷன் என்னம்மா தப்புப் பண்ணுனாரு?” என்றார். எனக்கும் அதுதான் கேள்வி. ஆனால் ‘நாம’ என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெட்டியைக் கைமாற்றியவர், அவ்வளவுதான். அனுப்பலாம் என்று சொன்னது நான்.

கல்யாணத்துக்கு முதலாளியும் நானும் போனோம். கிளம்பும்போது முதலாளி, “ரெண்டு பெட்டி நம்ம மிட்டாய் எடுத்துக்கலாமாம்மா? பொம்பளைப் பிள்ளை கல்யாணம், வெறுங்கையோட எப்படிப் போறது?” என்று கேட்டார். “வேணாம் சார்” என்றேன். அவருக்கும் உடனே புரிந்துவிட்டது. காந்தி மார்க்கெட்டில் இறங்கி ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டோம்.

மண்டபத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் பெண்கள் பக்கம் போய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தகப்பன் இருந்து நடத்திக் கொடுக்க வேண்டியதை அவருடைய தம்பி இருந்து நடத்தினார். ஒரு உறவினர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். அதில்தான் நான் முதன்முதலாக பாயின் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிட வயதானவர். தலையில் தொப்பி, புதுச் சட்டை. பின்னால் கிடங்கின் இரும்பு அலமாரிகள். கல்யாணத்துக்கென்று எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

போன் மணப்பெண்ணிடம் வந்தது. அவள் “அத்தா” என்றாள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி, அசையாமல் நின்ற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் “கேக்கலத்தா, கேக்கலத்தா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ போனை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்கள். மறுபடி அழைத்தார்கள். கிடைக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். முகச்சாடையை வைத்து, பெண்ணின் தாய் என்று தெரிந்தது.

“நீங்கதான் மிட்டாய் கம்பெனி மேடமா?”

எழுந்து நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். மன்னிச்சிடுங்க என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

“அவரு சொன்னாரு, நீங்க எவ்வளவோ எழுதிப் பார்த்தீங்கன்னு” என்றார் அந்த அம்மாள். “உக்காருங்க. சாப்பிடாமப் போகக் கூடாது. சைவம் தனியாப் போட்டிருக்கு, ஸ்ரீரங்கத்துலேருந்து வர்றாங்க, கவனிச்சு அனுப்புன்னு காலையிலயே போன்ல சொல்லிட்டாரு.”

அவர் என் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனார். பக்கத்திலேயே நின்று பரிமாறச் சொன்னார். நான் சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் நின்று உபசரிக்கும்போது எப்படிக் கேட்பது? கேசரியை இரண்டாம் தடவை வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் சாப்பிட்டேன். திரும்பும்போது கார் காவிரிப் பாலம் ஏறியதும் முதலாளி, “அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் வீடியோ வந்தது. ஊருக்கு வெளியே ஒரு மணல்வெளி. பெரிய குழி. எங்கள் அட்டைப்பெட்டிகளை இரண்டு பேர் லாரியிலிருந்து தள்ளுகிறார்கள். பெட்டியின் மேல் திருச்சிராப்பள்ளி என்று இங்கிலீஷில் நாங்கள் அச்சடித்திருந்தது தெரிகிறது. யாரும் எடுத்துத் தின்றுவிடாமல் இருக்க ஒரு டேங்கரிலிருந்து ஏதோ திரவத்தைப் பீய்ச்சுகிறார்கள். அப்புறம் மஞ்சள் மெஷின் ஒன்று குழிக்குள் இறங்கி முன்னும் பின்னுமாக ஏறி நசுக்குகிறது. மிட்டாய் நொறுங்கும் சத்தம் அந்த மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. சிவப்பும் பச்சையுமாக மேல்தாள்கள் காற்றில் பறக்கின்றன. கடைசியில் பாயின் குரல் மட்டும்: “முடிஞ்சிருச்சு மேடம்.”

சாப்பாட்டுக் கூடத்தில் பேக்கிங் பெண்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றார்கள். காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இத்தனை வாரமாகக் கேட்டவர்களிடம் மறைக்க மனசு வரவில்லை. மேஜையில் போனைச் சாய்த்து வைத்தேன். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி, “இது என் கையால ஒட்டுன டேப்பு, பாரேன், மூலையில மடிச்சிருக்கேன்” என்றாள். இன்னொருத்தி, “மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சு ஓடுமாக்கா?” என்று கேட்டாள். அங்கே மழை அதிகம் பெய்யாது என்றேன். சமயபுரத்து அக்கா முழுக்கப் பார்க்கவில்லை. பாதியிலேயே எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பாய் அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தார். இரண்டு வாரம்தான் விடுமுறை. பெண் அதற்குள் மாப்பிள்ளையோடு கும்பகோணம் போய்விட்டிருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஃபாக்டரிக்கு வந்து நின்றார். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை என் மேஜையில் வைத்தார். வந்த வேகத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த முறை நான் விடவில்லை. “பாய், அந்தக் கன்டெய்னரை அனுப்பலாம்னு சொன்னது நான். சார் இல்ல. நான்தான் நாள் கணக்குப் பார்த்தேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“எனக்கும் நாள் இருக்குன்னுதான் மேடம் தோணுச்சு” என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். நான் அந்த மண்டபத்தில் இருந்தவள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் இது மாப்பிள்ளையோட தாய்மாமன், இது எங்க சின்னது, இவதான் மருதாணி வெச்சது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு படத்தில் எங்காவது தடுக்கினால், “இது யாருன்னு தெரியலை, வீட்ல கேக்கணும்” என்பார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி டீ சொல்லியனுப்பினார். டீ வந்து, ஆடை படிந்து, ஆறிப்போனது. அவர் இன்னும் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.